கடைச்சற் பொறியைக் காத்தலும் திருத்தலும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மாணவ அங்கத்தவர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



மாணவ அங்கத்தவராகிய எங்களுக்கு இம்மேடையில் அரைமணி நேரம் ஒதுக்கித் தந்த சங்கத்தாருக்கு முதற்கண் எமது நன்றி. இத்தகைய கூட்டங்களில் இளைஞர் எழுந்தால் கல்வியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவது வழக்கம். நாங்கள் இரும்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சரஸ்வதி பூசையன்று வீட்டில் ஏடுகளை அடுக்குவது போலவே பட்டறையில் உளியையும் அரத்தையும் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். மறுநாள் ஏட்டை எடுத்து ஒரு பக்கமாவது வாசிக்கிறோம். உளியை எடுத்துத் தீட்டுகிறோமா என்பதைப் பட்டறை வைத்திருப்போர் தத்தம் மனத்துக்குள் சொல்லிக்கொள்வார்களாக.

கடைச்சற் பொறி என்று புத்தகம் சொல்வதையே ஊரில் ‘லேத்’ என்கிறோம். இரும்புத் துண்டொன்றைப் பற்றிச் சுழற்றி, அதன்மேல் உளியை நகர்த்தி, உருளையாகவோ கூம்பாகவோ புரியாகவோ செதுக்குவது அதன் தொழில். வேறு பொறிகள் பலவும் ஒவ்வொரு பொருளைச் செய்வன. லேத்தோ பிற பொறிகளுக்கு வேண்டிய தண்டையும் வளையத்தையும் திருகாணியையும் செய்வது. தனக்கு வேண்டிய உறுப்புகளிற் பலவற்றையும் தானே கடைந்துகொள்ள வல்லது. இங்கிலாந்திலே 1771ஆம் ஆண்டில் ஊல்விச்சிற் பிறந்த ஹென்றி மோட்ஸ்லி, பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் உளியைத் தாங்கும் நகர்தட்டு, நெடும்புரித் தண்டு, மாற்றிப் பூட்டத்தக்க பற்சில்லுகள் ஆகிய மூன்றையும் ஒரே இரும்புச் சட்டத்தில் இணைத்து, புரி வெட்டும் லேத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னும் சிலர் முயன்றதுண்டு. ஆயினும் ஒரே அளவான புரியை மீண்டும் மீண்டும் வெட்டலாம் என்ற நம்பிக்கை அவருடைய பட்டறையிலிருந்தே பரவியது. அவர் தம் பட்டறை மேசையில் ஓர் அளவுகருவியை வைத்து, அதற்கு ‘லோர்ட் சான்சலர்’ என்று நாட்டின் பெரிய நீதிபதியின் பெயரைச் சூட்டியிருந்தார். வேலையாட்களுக்குள் அளவில் பிணக்கு வந்தால் தீர்ப்பு அந்தக் கருவியுடையது, குரலை உயர்த்துபவருடையதன்று. அவரிடம் வேலை செய்து தேறிய ஜோசப் விட்வேர்த் 1841இல் திருகாணிப் புரிகளுக்கு ஒரு பொது ஒழுங்கை முன்வைத்தார். 55 பாகைக் கோணமுடைய அந்தப் புரியை நம்மூர்ப் பழைய நீரிறைக்கும் யந்திரங்களில் இன்றும் காணலாம்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் ஒன்றுண்டு. நமது குடாநாட்டிலும் பிற இடங்களிலும் சில வீடுகளின் பின்பத்திகளில் பழைய லேத்துகள் சாக்குப் போர்த்துக் கிடக்கின்றன. பாட்டனார் வாங்கியது, மாமனார் ஓட்டியது என்று வீட்டார் சொல்வர், ஓட்டுவார் இல்லை. பழைய இரும்பு வாங்க வருபவர் அதை இறாத்தற் கணக்கில் விலை பேசுகிறார். 1990களில் மின்சாரமும் உதிரிப்பாகமும் எட்டாதிருந்தபோது, துவிச்சக்கரவண்டித் தைனமோவை மிதித்து வானொலி கேட்ட பெரியோர் இச்சபையில் இருக்கிறார்கள். பழையதைத் திருத்துவதன் அருமையை அவர்களுக்கு நாம் எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். எங்கள் தலைமுறைக்கோ அந்தப் பாடம் 2022இல், வெளிநாட்டுச் செலாவணி வற்றிக் கடைகளில் உதிரிப்பாகம் இல்லையென்றான போதுதான் வந்தது. ஆகவே எங்கள் வேண்டுகோள் ஒன்றே: எந்த லேத்தையும் சோதித்துப் பாராமற் கிழடு என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். தேய்வு என்று சொல்லப்படுவதிற் பெரும்பகுதி தேய்வன்று. அது நிற்கும் நிலையின் கோணல், அல்லது அழுக்கு, அல்லது எண்ணெயின்மை. இம்மூன்றையும் விலக்கிய பின்னர் எஞ்சுவதே தேய்வு.

நிற்கும் நிலையை முதலில் எடுத்துக்கொள்வோம். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லேத்தின் அடிச்சட்டத்தை ‘பெட்’ என்பர். வார்ப்பிரும்பாலான அதன் இரு பாதைகளின் மேலேதான் உளியைச் சுமக்கும் ‘சாடில்’ ஓடுகிறது. பார்ப்பதற்கு அசைக்கமுடியாத கனம். ஆனால் அதன் நான்கு கால்களையும் சமனற்ற மேசையொன்றில் வைத்துப் புரியாணியால் இறுக்கினால், நனைந்த துணியைப் பிழிவது போல அந்தச் சட்டம் முறுகிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, கடைந்த பொருளில் தெரியும். உருளையாக வரவேண்டியது ஒருமுனை பருத்துக் கூம்பாக வரும். மணலின்மேல் வீடு கட்டியவன் கதையை மிஷன் பள்ளிக்கூடத்தில் மனனஞ் செய்த எங்களுக்கு, அக்கதை இரும்புக்கும் பொருந்தும் என்று பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே விளங்கியது.

அங்குலத்தில் ஆயிரத்திலொரு பங்கைச் சுருக்கமாக ஒரு ‘தவ்’ என்போம். நமது தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறக்குறைய மூன்று தவ். எங்களில் ஒருவருடைய பாட்டனார் விட்டுச்சென்ற மைபோர்ட் எம்.எல். 7 என்னும் லேத் அவர்கள் வீட்டுப் பின்பத்தியில் இருந்தது. இங்கிலாந்தில் நொட்டிங்காமுக்கு அடுத்த பீஸ்ரன் என்னும் ஊரில், இரண்டாம் உலகப்போர் முடிந்த பின்னர் வீட்டுப் பட்டறைகளுக்கென்றே செய்யத் தொடங்கிய சிறு பொறி அது. பாதைக்கு மேல் மூன்றரை அங்குல உயரத்தில் அதன் மையம் இருக்கும். அந்தத் தொழிற்சாலை 2011இல் மூடப்பட்டதாயினும், அதன் லேத்துகள் உலகின் பல பாகங்களில் இன்னும் ஓடுகின்றன. வீடு திருத்தியபோது அதைப் புதிய மரமேசையொன்றுக்கு மாற்றியிருக்கிறார்கள். அன்றுதொட்டு அது கூம்பாகவே கடைந்தது. பார்க்கவந்த பட்டறைக்காரர் ஒருவர், “பெட் தேய்ந்துபோயிற்று; இரும்புக்குக் கொடுத்துவிடுங்கள்” என்று சொல்லிப் போய்விட்டார். வீட்டிலுள்ள ஆச்சிக்கு அந்தச் சொல் பொறுக்கவில்லை. கொடுப்பதென்றால் தாம் கண்மூடிய பின் கொடுங்கள் என்றார்.

நாங்கள் நால்வர் போய்ச் செய்தது இவ்வளவே. ஓரங்குலத் தடிப்பான உருக்குத் தண்டொன்றைச் சக்கிற் பற்றி, ஐந்து அங்குலம் வெளியே நீட்டி நிற்க விட்டோம். மறுமுனையை எதனாலும் தாங்கவில்லை; தாங்கினால் வாற்பக்கத்துக் கோணலும் கணக்கிற் கலந்துவிடும். தண்டின் நடுப்பகுதியை முன்னரே ஒடுக்கிக் கடைந்து, சக்கின் அருகே ஒரு வளையமும் நுனியில் ஒரு வளையமுமாக விட்டுவைத்தோம். பின்பு கூரிய உளியால், மிக மெல்லிய ஒரே வெட்டில், உளியை இடையே நகர்த்தாமல், இரு வளையங்களையும் கடைந்து மைக்றோமீற்றரால் அளந்தோம். நுனி வளையம் நான்கு தவ் பருத்திருந்தது. நுனி பருத்தால் அங்கே உளி தண்டைவிட்டு விலகி நம் பக்கம் சாய்கிறது என்று பொருள். எனவே வாற்பக்கத்து முன்காலை உயர்த்தவேண்டும். அந்தப் புரியாணியைத் தளர்த்திப் பால்மாப் பேணியில் வெட்டிய தகரத் துண்டொன்றைக் காலின்கீழ் நுழைத்து மீண்டும் இறுக்கினோம். வித்தியாசம் ஒன்றரைத் தவ்வாக இறங்கியது. அதன்மேல் மெல்லிய பித்தளைத் தகடொன்று வைத்ததும் அரைத் தவ்வுக்கும் குறைந்தது. ஆச்சி தேநீர் கொண்டுவந்தபோது பாட்டனாருடைய லேத் நேராகக் கடைந்துகொண்டிருந்தது. அவரிடம் மைக்றோமீற்றரைக் காட்டினோம். கண்ணாடி இல்லாமல் தெரியாது என்று சொல்லிவிட்டு, கடைந்த தண்டை மட்டும் வாங்கி உள்ளே கொண்டுபோனார்.

மரமேசைக்கு ஒரு குணம் உண்டு. மாரியில் ஊறும், கோடையில் வற்றும். ஐப்பசி மழை இறங்கியதும் அந்த லேத் மீண்டும் ஒரு தவ் விலகியது. பின்னர் சீமெந்து மேடை வார்த்து அதன்மேல் ஏற்றியபின் அசைவு நின்றது. மேசைதான் உள்ளதென்றால் மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை இரு வளையச் சோதனையைச் செய்துகொள்க. மேசன் பயன்படுத்தும் நீர்மட்டம் இதற்குப் போதாது. ஓரடி நீளத்தில் அரைத் தவ் சாய்வையும் காட்டும் பொறியியல் மட்டம் கிடைத்தால் நல்லது; கிடைக்காவிட்டால் இரு வளையங்களே போதும். லேத் பூமிக்குச் சமமட்டமாக நிற்க வேண்டும் என்று சிலர் அலைவதைப் பார்க்கிறோம். கப்பலில் லேத் ஓடுகிறதே, அங்கே எது மட்டம்? முறுக்கில்லாமல் நிற்பதே வேண்டியது.

அடுத்தது போதிகை. தலைப்பக்கத்தில் முதன்மைத் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பகுதி இது. கடைந்த மேற்பரப்பில் அலையலையாக வரி விழுந்தால், அல்லது வெட்டும்போது பொறி ‘கிர்’ரென்று நடுங்கினால் போதிகையைச் சந்தேகிக்கலாம். ஆயினும் அதற்குமுன் உளி மழுங்கியதா, உளி மிக நீளமாக வெளியே நிற்கிறதா, தண்டு மெல்லியதா என்று பார்க்க வேண்டும். பத்தில் ஏழு தடவை நடுக்கம் உளியிலேதான் என்பது எங்கள் எண்ணம். சந்தேகம் நீங்காவிட்டால், டயல் மானியின் முனையைச் சக்குக்கு அண்மையிலே தண்டின்மேல் வைத்து, மரக்கட்டையொன்றால் தண்டை மெல்ல மேலே நெம்பிப் பார்க்க. முள் ஒரு தவ்வுக்குள் அசைந்து மீண்டால் கவலை வேண்டாம். இரண்டு மூன்றென்று போனால் சரிசெய்ய வேண்டும். நாம் சொன்ன எம்.எல். 7இல் போதிகை வெள்ளையுலோகத்தாலானது. மேல் மூடிக்கும் கீழ்ப்பாதிக்கும் இடையே, படலம் படலமாக உரிக்கத்தக்க தகடுகள் இருக்கும். இருபக்கத்திலும் ஒத்த அளவாக ஒரு படலத்தை உரித்து, மூடியை முழுவதும் இறுக்கிவிட வேண்டும். புரியாணியை அரைகுறையாக விட்டுத் தளர்வைச் சரிக்கட்டுவது கூடாது; ஓட்டத்தில் அது மேலும் தளரும். மிகுதியாக உரித்தால் போதிகை சூடேறி உலோகம் உருகித் துடைத்தெறியப்படும். ஆகவே ஒரு படலம், பின் அரைமணி ஓட்டம், பின் கைவைத்துச் சூடு பார்த்தல்.

இனி உண்மையான தேய்வு. எந்த லேத்திலும் பாதை தலைப்பக்கத்தின் அருகிலேதான் அதிகம் தேயும். நாம் கடைவதெல்லாம் சக்கை ஒட்டிய குறுகிய நீளத்தில். இரும்புத் தூள் விழுவதும் அங்கேதான். சோதனை எளிது. சாடிலைத் தலைப்பக்கத்தில் வைத்து ‘கிப்’ என்னும் மெல்லிய சட்டத்தால் இறுக்கமாகச் சரிசெய்து, பின் வாற்பக்கம் தள்ளிக்கொண்டு போங்கள். வழியில் இறுகி நின்றால் பாதை தேய்ந்தது உறுதி. அப்பொழுது இறுக்கத்தை வாற்பக்கத்து நல்ல இடத்துக்கே சரிசெய்து, தலைப்பக்கத்தில் இருக்கும் தளர்வோடு வாழப் பழக வேண்டும். அல்லது அத்தளர்வைத் திருத்த வேண்டும்.

இங்கே மிக அழகான ஒரு திருத்தத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பழைய எம்.எல். 7இல் சாடில் முன்பாதையின் இரு பக்கச் சுவர்களையே பிடித்து ஓடும். ஆகவே முன்பாதையின் உட்சுவர் தேய்கிறது. பின்பாதையின் வெளிச்சுவரோ தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்தபடியே, தொடப்படாமல் இருக்கிறது. சாடிலின் பின்புறத்தில் அளவான உலோகப் பட்டியொன்றைப் பொருத்தி, அந்தத் தொடப்படாத சுவரிலே சாய்ந்து ஓடச் செய்தால், தேய்ந்த சுவர் வேலையிலிருந்து இளைப்பாறிவிடும். பெட்டைக் கழற்ற வேண்டியதில்லை, அரைக்கக் கொடுக்க வேண்டியதில்லை. இதை வீட்டுப் பட்டறைக்காரர்கள் செய்துவந்தார்கள். 1972அளவில் தொழிற்சாலையாரும் தம் புதிய பொறிகளை இந்த அகன்ற பிடிப்பு முறைக்கே மாற்றிக்கொண்டனர். பொறியைத் திருத்தும் அறிவு என்பது புதிய உறுப்பை வாங்கி மாட்டும் அறிவு மட்டுமன்று. தேயாத இடம் எங்கே என்று தேடும் அறிவுமாகும்.

பாதையின் மேற்பரப்பே பள்ளமாகியிருந்தால் அது வேறு விஷயம். நீலமை பூசி, மேட்டைக் கண்டு, சுரண்டும் உளியால் சிறிது சிறிதாக எடுக்கும் வேலையைப் பழகிய கைதான் செய்ய வேண்டும். எமரித் தாளைக் கொண்டு பளபளப்பாகத் தேய்த்துவிட்டு ‘புதிதாக்கிவிட்டோம்’ என்று சொல்லும் கொடுமையை மட்டும் செய்யாதீர்கள். எமரித்தூள் இரும்பிற் பதிந்து, பின்னர் ஓடும் ஒவ்வொரு முறையும் அரைத்துக்கொண்டிருக்கும். தலைப்பக்க வார்ப்பே வெடித்துவிட்ட லேத்தை மட்டும் நாங்களும் இரும்பு வாங்குபவருக்கே விடுவோம்.

குறுக்குத் தட்டின் பிடியைத் திருப்பும்போது உளி நகராமல் வெற்றுச் சுற்றாகச் சிறிது சுழலும். புதியவர்கள் இதைப் பெரிய நோயென்று பயப்படுகிறார்கள். எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவை அணுகினால் இதனாற் பிழை வராது. புரிச்சுரை மிகத் தேய்ந்தபின் வெண்கலத்தில் வேறொன்று கடைந்து போடலாம். அதையும் அதே லேத்தே செய்துதரும்.

எண்ணெய் விஷயத்தில் நம்மவரிடம் சில பழக்கங்கள் வேரூன்றியிருக்கின்றன. தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் வீட்டில் எப்போதும் இருப்பதால் அவற்றையே விடுகிறோம். தாவர எண்ணெய் காற்றுப்பட்டு நாளடைவில் காறிப் பிசினாகும். எண்ணெய்த் துளை அடைபடும். கிறீஸ் பூசினாலோ இரும்புத் தூள் அதில் ஒட்டி அரைக்கும் களியாகிவிடும். மோட்டார்க் காருக்கு விடும் எண்ணெயில் அழுக்கை மிதக்கவைக்கும் சரக்கு கலந்திருக்கிறது. காரில் வடிகட்டி உண்டு; அங்கே அது நலம். லேத்தில் வடிகட்டி இல்லை. மிதக்கும் அழுக்கு போதிகைக்கே போகும். போதிகைக்கு நீரியல் யந்திரங்களுக்கு விற்கும் 32ஆம் தர எண்ணெயும், பாதைக்கு 68ஆம் தர எண்ணெயும் போதும். ஒரு போத்தல் ஓராண்டுக்கு வரும். எண்ணெய் விடுமுன் துடைக்க வேண்டும். துடைக்காமல் விடும் எண்ணெய் தூளை உள்ளே அழைத்துச் செல்லும். இரும்புச் சுருளைக் கையால் அள்ளாமல் தூரிகையால் தள்ளுக. காற்றுப் பம்பியால் ஊதினால் தூள் சாடிலின் அடியிற் புகுந்துவிடும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஒரே இரவில் செந்துரு படியச் செய்யும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவி, பருத்தித் துணியால் மூடி விடுக. பிளாஸ்ரிக் விரிப்பு கூடாது. அதனடியில் ஈரம் வியர்த்து நிற்கும்.

சக் விலகிச் சுற்றுகிறது என்றால், கழற்றித் தாடைகளை எடுத்து, உள்ளிருக்கும் சுருட்புரியை மண்ணெண்ணெயிற் கழுவுக. தாடைகளில் 1, 2, 3 என்று இலக்கம் வெட்டியிருக்கும். அந்த ஒழுங்கிலேதான் திரும்ப இடவேண்டும். கழுவியவுடன் பாதி நோய் போய்விடும். புரியில் இறுகிய சக்கைக் கழற்றுவதற்குப் பின்கியரைப் பூட்டித் தண்டை அசையாமல் நிறுத்தி, சக்கைப் பலங்கொண்டு திருப்பும் வழக்கம் இருக்கிறது. பெரிய பற்சில்லின் பற்கள் உடைந்த லேத்துகளிற் பல இவ்வாறே உடைந்தவை. தண்டின் உள்ளே பொருந்தும் பிடியொன்று செய்து அதனால் நிறுத்துக. அல்லது வாரைக் கையால் பிடித்துக்கொண்டு மரக்கட்டையாற் சக்கின் தாடையில் ஒரு தட்டுத் தட்டுக. அவசரமாக நாலு தட்டு வேண்டாம்.

உயிரைப் பற்றிய சில சொற்கள். சாரத்தின் தலைப்பும் சால்வையும் நீண்ட கையும் லேத்துக்கு ஆகா. சுழலும் தண்டு ஒரு நூலைப் பிடித்தாலும் ஆளை இழுத்துவிடும். பெரியோர்கள் பட்டறை வாசலிலேயே சால்வையைக் கழற்றி வைத்தருள வேண்டும்; இங்கே அது மரியாதைக் குறைவாகாது. மோதிரம், கைக்கடிகாரம், கையுறை மூன்றும் கூடா. தங்கைமார் கூந்தலை முடிந்து கட்டுக. சக்கின் சாவியைச் சக்கிலே விட்டுக் கை எடுக்கக் கூடாது. ஆளியைப் போட்டதும் அது கல்லெறி போல வரும். பழைய மோட்டார்களில் புவித் தொடுப்புக் கம்பி அறுந்திருப்பது சாதாரணம். 230 வோல்ற்று இரும்பிற் பாயுமானால் ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவர் தப்புவது அரிது. மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு அதைச் சோதித்த பின்பே ஆளியைத் தொடுக.

இறுதியாக ஓர் அறிவித்தல். இரு வளையச் சோதனைக்கு வேண்டிய மைக்றோமீற்றர் ஒன்று, டயல் மானி ஒன்று, அதை நிறுத்தும் காந்தக் கால் ஒன்று ஆகியவற்றை நாங்கள் பணஞ் சேர்த்து வாங்கிச் சங்க நூல்நிலையத்தில் ஒப்படைத்திருக்கிறோம். புத்தகம் இரவல் வாங்குவது போலவே ஒரு கிழமைக்கு எடுத்துச் செல்லலாம். வீட்டில் சாக்குப் போர்த்த லேத் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் பெயர் கொடுத்தால், விடுமுறை நாட்களில் நாங்களே கருவிகளோடு வருவோம். எண்ணெயும் துணியும் நீங்கள் ஆயத்தமாக வைத்திருந்தாற் போதும்.